கண்ணின் அடிக்கீற்று

துளசிமணிக்குச் செயற்கைக் கண் பொருத்தியது பனியன் கம்பெனி. ஊசிக்கடியில் ஓடும் துணி தெரிந்தால் போதாதா என்று, பார்வையின் அடியில் ஒரு கீற்றை மட்டும் திறந்துவைத்திருந்தார்கள். மகளின் கல்யாணத்தில் எதிரே நிற்பவர்களின் முகம் தெரிய, அவள் அண்ணாந்தே நிற்கவேண்டியிருந்தது.

"ஏனுங் சம்பந்தியம்மா, எங்களக் கண்டா அத்தன எளக்காரமா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. மண்டபமே சிரித்தது.

வாழ்த்த வந்த கம்பெனி மேனேஜர் ஜெயசீலன் செல்போனில் ஒரு தட்டுத் தட்டினால் முழுப் பார்வையும் திறந்துவிடும்.

"தாலி ஏறுற வரைக்குமாச்சும் தொறந்து உடுங்க சார்."

"தையலுக்கு அவ்வளவு அகலம் எதுக்குங்கக்கா?"

துளசிமணி அவன் சட்டையைப் பிடித்திழுத்துத் தன் காலடியில் உட்காரவைத்தாள்.

"இப்பத்தான்டா உன்ற மூஞ்சி நல்லாத் தெரியுது. தொறந்து உட்டுட்டு எந்திரி."