ஒரு ஃபைலும் போகாது

சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பள்ளிக்கூடத்தின் பின்தெருவில் இருக்கும் லேப்டாப் ரிப்பேர் கடை திறந்த கையோடு, கணக்கு டீச்சர் உள்ளே வந்தார். பையிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“நேத்து ஸ்கூல்ல நல்லாத்தான் மூடி வெச்சேன். வீட்டுக்குப் போய்த் திறந்தா கறுப்பா ஒரு திரை, அதுல ஒரே ஒரு வரி. அதுக்கு மேல நகர மாட்டேங்குது.”

“கீழே விழுந்துச்சா? தண்ணி கிண்ணி பட்டுச்சா?”

“ரெண்டும் இல்லை. லேப்டாப் போனாலும் போகட்டும் சார். பத்தாம் வகுப்புக் கேள்வித்தாள் உள்ளே இருக்கு. புதன்கிழமை பரீட்சை. உங்க பொண்ணும்தானே எழுதப் போறா.”

வேறு எங்கும் பிரதி வைக்கவில்லையா என்று கடைக்காரர் கேட்டார். கசிந்துவிடக் கூடாதே என்றுதான் வைக்கவில்லை என்றார் டீச்சர். மூன்று வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கணக்கையும் தானே போட்டுப் பார்த்துத் தயாரித்த தாள் அது.

கடைக்காரர் தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார். ‘ஒரு ஃபைலும் போகாது’ என்று எழுதியிருந்தது. பதினோரு வருடமாக அது பொய்த்ததில்லை. கிளம்பாத லேப்டாப் எது வந்தாலும் முதலில் டிஸ்க்கைக் கழற்றி, உள்ளே இருப்பதையெல்லாம் வேறொன்றில் பிரதி எடுத்துவிட்டுத்தான் கோளாறைத் தொடுவார். அவசரக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவர் வழக்கத்தை மாற்றிக்கொண்டதில்லை.

லேப்டாப்பைத் திருப்பி ஓரங்களைத் தடவிப் பார்த்தார்.

“இதை வேற யாராவது தொட்டாங்களா டீச்சர்?”

“யாரு தொடப் போறா? ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார்னு ஒரு பத்து நிமிஷம் எழுந்து போனேன். மத்தபடி கண் முன்னாடியேதான் இருந்துச்சு.”

பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னார்.

டீச்சர் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. மதிப்பெண் பட்டியல்கள் இருந்தன. போன வருட ஆண்டுவிழாப் படங்கள்கூட இருந்தன. கேள்வித்தாள் மட்டும் இல்லை.

“டிஸ்க்குல அந்த இடம் கெட்டுப்போச்சு டீச்சர். எடுக்க முடியலை.”

டீச்சர் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

“பதினோரு வருஷத்துல போறதுக்கு என் ஃபைல்தான் கிடைச்சுதா?”

கடைக்காரர் நிமிராமல், வேறு தாள் தயாரிக்க நாள் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு நாள் கண்விழித்தால் முடியும் என்றார் டீச்சர். லேப்டாப்பைப் பைக்குள் திணித்தார்.

“முதல்ல அந்தப் பலகையைக் கழட்டுங்க சார்.”

அவர் போனதும் கடைக்காரர் ஸ்டூலில் ஏறிப் பலகையைக் கழற்றினார். மேசையில் ஸ்க்ரூடிரைவர் பெட்டி காலையிலிருந்து திறக்கப்படாமலே கிடந்தது.

சாயங்காலம் வீட்டில் மகள் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டின் மேல் அவர் ஒரு பென்டிரைவை வைத்தார். விரல் நகம் அளவுதான் இருக்கும். போன மாதம் அவளுக்கு அவரே கொடுத்தது.

“டீச்சர் லேப்டாப்புல செருகியிருந்துச்சு. இதை உருவினதும் அதுபாட்டுக்குக் கிளம்பிடுச்சு, வேற ஒரு கோளாறும் இல்லை.”

மகள் பென்டிரைவை உள்ளங்கையால் மூடினாள்.

“இதுல இருந்த கேள்வித்தாளை அழிச்சாச்சு. டீச்சரோட ஃபைலையும் நான்தான் அழிச்சேன். புதுக் கேள்வித்தாள் வருது, உட்கார்ந்து படி.”