கறுப்புக்கு அடியில்

மூத்த மகள் வீட்டில் சில மாதம் தங்கிவிட்டுத் திரும்பிய மாமனாரை, நேராக ஷெட்டுக்கு அழைத்துப் போனார் மாப்பிள்ளை. கவரை உருவினார்.

மாமனாரின் பழைய கார் பச்சை நிறத்தில் பளபளவென்று நின்றது.

மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. "கறுப்பு எங்க?"

"அது பின்னால அடிச்ச பெயின்ட், மாமா. சுரண்டினா அடியில இந்தப் பச்சை இருந்துச்சு. அதே மாதிரி கலந்து அடிச்சேன். எஞ்சினையும் பிரிச்சுப் பூட்டிட்டேன். ஷோரூம்ல நிக்கிற மாதிரி இருக்குல்ல?"

"உங்களை யாரு தொடச் சொன்னா? மறுபடியும் கறுப்பு அடிங்க. இன்னிக்கே!"

"அப்பா! லீவு நாள் பூரா இவர் இதுக்கு அடியிலதான் கிடந்தார். ஒரு நல்ல வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் இளைய மகள்.

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. "விடு. ரசிக்கத் தெரிஞ்சவரையும் வரச் சொல்லியிருக்கேன். மாமாவோட பழைய முதலாளி. காருன்னா அவருக்கு உயிருன்னு மாமாதானே சொல்வார்?"

மாமனார் ஷெட் கதவைச் சாத்தப் பாய்ந்தார். அதற்குள் கைத்தடியோடு முதலாளி உள்ளே வந்துவிட்டார்.

காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பானெட்டைத் தடவினார்.

"இந்தப் பச்சை எந்தக் கம்பெனியிலும் கிடையாது, தம்பி. ஒரே ஒரு காருக்காக நான் சொல்லிக் கலக்க வெச்சது."

"அப்படியா சார்!" மாப்பிள்ளை பூரித்துப் போனார்.

முதலாளி அவரைப் பார்க்கவில்லை. தன் பழைய டிரைவரைத்தான் பார்த்தார்.

"காணாமப் போன என் காரைத் தேடி, நீயும்தானேடா என்கூடத் தெருத்தெருவா அலைஞ்சே?"