இரண்டில் ஒரு கார்டு

பழுதுபார்க்கும் கடையின் மேசையில் வாசகசாலை நடத்தும் அக்காவின் கணினி திறந்து கிடக்கிறது. ஜன்னல் வெயிலில் உள்ளிருக்கும் தூசிகூட மினுங்குகிறது. இலவச இயங்குதளமான லினக்ஸ் ஏறிவிட்டது. வைஃபை கார்டைத்தான் அது கண்டுகொள்ளவே இல்லை. நாளை வாசகசாலைக்குப் பிள்ளைகள் வந்து படிக்கவேண்டிய கணினி. கார்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் கூடப்பிறந்த தம்பி என்பதால் அவள் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டாள். மெக்கானிக் அதைக் கழற்றித் துணிமேல் வைக்கிறார். “போன வாரம் உங்க தம்பி ரெண்டு கார்டு கொண்டுவந்தாரும்மா. மேல ஒரே பேரு, உள்ள சிப்பு வேற. லினக்ஸ்ல அது ஓடும், இது ஓடாதுன்னு அன்னிக்கே சொன்னேன்.” ஓடுகிற கார்டு தம்பி வீட்டில்தான் இருக்கிறது என்பது இருவருக்குமே புரிகிறது. அவர் மின்விசிறியை மெல்ல அவள் பக்கம் திருப்பி வைக்கிறார். கைப்பேசி அதிர்கிறது. தம்பிதான். “என்னக்கா, கார்டு போட்டாச்சா?” தெய்வமே, அவனே சொல்லிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டு, போட்டுப் பார்த்ததை மறைத்து அவள் கேட்கிறாள். “இன்னும் இல்லடா. லினக்ஸுக்கு இது ஒத்துவருமா?” “உனக்குன்னு பாத்துப் பாத்து எடுத்ததுக்கா. தைரியமா போடு.” அவள் விரல் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருக்கிறது. “சாப்பிட்டியாடா?” என்கிறாள், வேறு எதையும் கேட்க அவளுக்குப் பயமாக இருக்கிறது.