வலைநூல் கடைக் கதவு

கதவு அசையவில்லை.

துளசிங்கம் தோள் கொடுத்துத் தள்ளினான். முனியன் முதுகு கொடுத்தான். ஏரிக்காற்றில் ஊதிப்போன தேக்கு.

"கோதண்டம் மாமா தெனமும் ஒத்தையாளா தொறந்தாரே!" என்றான் முனியன்.

"அவரு தின்னது எறா. நீ தின்னது கூழு. நவுருடா," என்றாள் மீன் விற்கிற இருசம்மாள். தள்ளினாள். அவளாலும் முடியவில்லை.

கோதண்டம் காய்ச்சலில் செத்து, காரியம் முடிந்த மறுநாள். அவர் பெண்டாட்டி பச்சையம்மா சாவியோடு ஓரமாக நின்றாள். பிள்ளைகுட்டி இல்லாதவள். கடைதான் சோறு.

கட்டடம் ஒல்லாந்துக் கம்பெனியுடையது. இன்று கோட்டையில் கொடி இறங்குவதற்குள் கடை திறக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

முதலில் அது மிளகுக் கிடங்கு. பிறகு ஒல்லாந்துப் பீப்பாய்த் தச்சன் ஒருவன் இருந்தான், குடித்தே செத்தான். பிறகு ஒரு சாயத்துணி வியாபாரி. கடைசியாக, வலைநூல் விற்ற கோதண்டம்.

வந்த ஒவ்வொருவனும் கதவோடு சண்டை போட்டான். கடைசியில் அதே வழியைக் கண்டுபிடித்தான். வளையத்தைத் தூக்கிப் பிடித்து, கீழ் மூலையில் குதிகாலால் ஓர் உதை. உதைபட்டு உதைபட்டு அந்த மூலை கிண்ணம் போலக் குழிந்திருந்தது.

வேட்டி மறைவில் நடக்கிற காரியம். தெருவுக்குத் தெரியாது.

நாகம்மாள் கூடையோடு வந்தாள். ஏரியில் கையால் நண்டு பிடிக்கிறவள். கொடிமரத்தைப் பார்த்தாள். பச்சையம்மாவைப் பார்த்தாள். கூடையை இறக்கினாள்.

வளையத்தைத் தூக்கினாள். ஓர் உதை.

கதவு திறந்தது.

இருசம்மாள், "அடிப்பாவி," என்றாள். திட்டினாளா சிரித்தாளா, தெரியவில்லை.

நாகம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. கூடையை எடுக்கக் குனிந்தாள். பச்சையம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கடி ஓட்ற? புள்ளைய யாராண்ட வுட்டுட்டு வந்த? போய்த் தூக்கினு வா. கடைய ரெண்டு பேருமா பாத்துக்கலாம்."

அந்த உதையைக் கல்யாணமான வாரமே கோதண்டம் பச்சையம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அன்று காலையில், இவர்கள் யாரும் வருவதற்கு முன்பே, அவள் தனியாக வந்து கடையைத் திறந்திருந்தாள். நூல்கண்டுகளுக்கு மேலே, உத்தரத்தில் ஒரு தூளி தொங்கியது.

யாருடையது என்று யாரிடம் போய்க் கேட்பது?

கதவை இழுத்துச் சாத்தினாள். தெருவில் இறங்கி, கதவு திறக்கவில்லை என்று உதவிக்கு ஆள் கூப்பிட்டாள்.