நிழலுக்குத் தனி விலை

"நிழலுக்கு மட்டும் அஞ்சு லட்சம்மா!"

வீடு பார்க்க வந்த பெண் சிரித்துவிட்டாள். "நிழலுக்கெல்லாமா சார் விலை வைப்பீங்க?"

"சேலைக்கு ஒரு விலை, ஜரிகைக்கு ஒரு விலை. அதுதான் வியாபாரம்" என்றார் வீட்டுக்காரர். ஜவுளிக்கடையில் முப்பது வருடம் முழம் போட்ட கை. கடையை மூடியும் கறாரை மூடவில்லை. வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கலாம் என்று மனைவி அரிக்கிறாள். இதுவரை வந்த மூன்று பேரும் விலையைக் கேட்டதும் செருப்பைத் தேடினார்கள். இவளையாவது பிடித்துவிட வேண்டும்.

"இந்தப் பேட்டையே ஒரு காலத்துல செங்கல் சூளைம்மா. காக்கா உட்காரக் குச்சி கிடையாது. சூளையை மூடினதும் குடிவந்தவங்க வீட்டுக்கு ஒரு மரம் வச்சாங்க. இன்னிக்குத் தபால்காரர்கூட நம்ம தெருவுலதான் சைக்கிளை நிறுத்தி இளைப்பாறுவார்."

"நீங்க எந்த மரம் வச்சீங்க?"

அவருக்கு இருமல் வந்தது. "நமக்குக் கடைக்கே நேரம் சரியாப் போச்சு. அதோ மதிலுக்கு அந்தப் பக்கம் தூங்குமூஞ்சி மரம் நிக்குதே... வேருதான் பக்கத்து வீட்டுல. கிளை, காத்து, குளிர்ச்சி எல்லாம் நம்ம முற்றத்துல!"

"இலை கொட்டுமே?"

"கொட்டட்டும்! மரம் யாருதோ குப்பையும் அவருதுதானே? கூட்டுற கூலியைச் சண்டை போட்டு மாசாமாசம் அந்த ஆளுகிட்டயே வாங்கிடறேன். பத்து வருஷமாப் பேச்சு இல்ல, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்ல. காசு மட்டும் மதில் மேல வந்துரும்."

"கெட்டிக்காரர்தான். வீடு எவ்வளவு?"

"நாப்பது லட்சம். நிழலோட நாப்பத்தஞ்சு."

"எனக்கு வீடு மட்டும் போதும் சார்."

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க சொந்த நிழலைக் கொண்டாந்து விரிச்சுக்கறதுன்னா சொல்லுங்க, நாப்பதுக்கே தர்றேன்!"

"வாக்கு மாற மாட்டீங்களே?"

"ஜவுளிக்காரன் வாக்கும்மா. கிழிச்ச துணி திரும்ப ஒட்டாது."

அவள் முன்பணத்தை அவர் கையில் வைத்தாள். விறுவிறுவென்று மதிலோரம் போய், எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மாமா, நாப்பதுக்கு முடிஞ்சிருச்சு! நிழல் நம்மளுதுங்கறதால அஞ்சு கழிச்சாச்சு!"

"பலே மருமகளே!" என்றது மரத்தடியிலிருந்து ஒரு குரல். "அப்ப, பத்து வருஷமா நான் கட்டின கூட்டுற கூலி?"

"அது சார் பக்கம் பாக்கி மாமா!"