பறந்த ஆக்கள்

"ஆம்பிளை நேர்சுக்கு என்ர பெட்டையைக் குடுக்கேலாது. அதுவும் வெள்ளைக்காரன்! என்ன ஆக்கள், எந்தப் பரம்பரை எண்டு ஆரிட்டப் போய் விசாரிக்கிறது?"

ரூ காய் தெருவில் இருந்த தன் சேலைக்கடைக்குள் நின்று இராஜதுரை கத்தினார். கடைக்கு வந்த இரண்டு பெண்கள் சேலையைப் பார்ப்பதுபோல் நின்று கதையைக் கேட்டார்கள்.

மகள் சாம்பவி, மாக்சிம் என்ற பிரெஞ்சுப் பையனைத்தான் கட்டுவேன் என்று சொல்லி ஒரு மாதமாகிறது. இப்போது வீட்டை விட்டு வெளியேறி, சென் தெனியில் ஒரு சிநேகிதியோடு இருக்கிறாள். தகப்பனின் தொலைபேசி அழைப்பைக்கூட எடுப்பதில்லை.

மனைவி புனிதவதி சேலையை மடித்தபடி சொன்னாள்: "எனக்கும் துண்டா விருப்பமில்லை. அவன்ர தாய்வழிப் பூட்டன் ஜெர்மன் விமானியாம். ரெண்டாம் உலகப்போரில குண்டு போட்ட ஆளாம்."

இராஜதுரையின் வாய் திறந்தபடியே நின்றது.

ஜெர்மன் விமானிகள் என்றால் அவருக்கு உயிர். கடையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் போர்விமானப் பொம்மை நூலில் தொங்கியது. காலையில் சாம்பிராணி காட்டும்போது அது மேகத்தைக் கிழித்துக்கொண்டு பறக்கும். கூறைச்சேலை எடுக்க வருகிறவர்கள், எந்த விமானி எத்தனை விமானங்களை விழுத்தினான் என்பதையும் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

"உதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? ஊரில எங்கட தலையில குண்டு போட்டவனும் விமானிதானே. அப்பிடிப்பட்ட வீட்டில சம்பந்தமோ?"

"விசர்க்கதை கதையாதையும். அது எங்கட ஊர் எயர்ஃபோர்ஸ். இது ஜெர்மன்காரன். அவன் போட்டாலும் ஒரு கலையாப் போடுவான்."

"பங்கருக்குள்ள இருக்கிறவைக்கு ஆர் போட்டாலும் குண்டுதான். எங்களுக்கு மேல பொம்பர் சுத்தேக்கை நீங்கள் இஞ்சை கோப்பை கழுவிக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்."

"கோப்பை கழுவினாலும் வீரத்தை மதிக்க எனக்குத் தெரியும்!"

"என்னவோ, எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

புனிதவதி வேண்டாம் என்று சொன்ன எதையும் இராஜதுரை இதுவரை செய்யாமல் விட்டதில்லை.

"ஞாயிற்றுக்கிழமை பெடியனைச் சாப்பிட வரச்சொல்லும்," என்றார்.

எபினேயில் இருந்த அவர்கள் வீட்டுக்கு மாக்சிம் பூங்கொத்தோடு வந்தான். உயரமான, கூச்சமுள்ள பையன். சாம்பவியும் கூடவே வந்தாள். இராஜதுரை அவனைக் கட்டிப்பிடித்துக் கூட்டிப்போய், தான் வழக்கமாக இருக்கும் கதிரையில் இருத்தினார்.

"உம்மட பூட்டன் ஓட்டினது எந்த விமானம்?" என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டார்.

மாக்சிம் சாம்பவியைப் பார்த்தான்.

"அவை வீட்டில அதைப்பற்றிக் கதைக்கிறேல்லை, அப்பா," என்றாள் அவள்.

"பாத்தியே! உண்மையான வீரர் புளுகுறேல்லை!" என்ற இராஜதுரை, ஆட்டுக்கறி ஆறும்வரை அவர்களுக்காகத் தானே புளுகினார்.

"ஸ்டுக்கா எண்டொரு விமானம். கீழ நிக்கிற சனத்தை வெருட்டுறதுக்கெண்டே அதில ஊதி பூட்டி வைச்சவங்கள். குண்டு விழ முதலே சனம் அரைவாசி செத்துப்போகும். என்ன மூளை, என்ன மூளை!"

சொல்லிக் காட்டியது போதாமல் எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் விரித்தார். மேசையை ஒரு சுற்றுச் சுற்றி, "ஊஊஊ..." என்று ஊளையிட்டபடி மாக்சிமின் தலைக்கு மேலே குத்தென இறங்கினார்.

மாக்சிம் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தான். அதற்குப் பிறகு அவன் சாப்பிடவில்லை. சாம்பவி மேசைக்கடியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியளே, பெடியன் மெய்மறந்து போனான். இரத்தம் எல்லோ!" என்றார் இராஜதுரை. அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இப்பவும் சொல்லுறன், எனக்கு விருப்பமில்லை," என்றாள் புனிதவதி.

"உம்மட விருப்பத்தை ஆர் கேட்டது? வாற மாதமே மெய்ரிக் கந்தோரில கலியாண எழுத்து!"

சொன்ன கையோடு ரொறன்ரோவில் இருக்கும் தமையனுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனார். கண்ணாடிக் கதவைத் தாண்டி அவர் குரல் கேட்டது: "அண்ணை, சம்பந்தி வீட்டார் லேசுப்பட்ட ஆக்கள் இல்லை. பறந்த ஆக்கள்!"

மாக்சிம் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தான். சாம்பவியும் பின்னால் வந்தாள். புனிதவதி கதவைச் சாத்திவிட்டு அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மகளைப் பார்த்துச் சொன்னாள்:

"பிள்ளை, இவனிட்ட நான் மன்னிப்புக் கேட்டன் எண்டு பிரெஞ்சில வடிவாச் சொல்லு. விமானி எண்டு நான் ஒரு பொய் சொல்லாட்டில் கொப்பர் ஓமெண்டிருக்க மாட்டார். கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு சனத்தோட சனமா றோட்டால ஓடேக்கை, அந்த ஸ்டுக்கா போட்ட குண்டில செத்த மனுசனெல்லோ இவன்ர பூட்டன்."