மீன் பிடிக்க ஒரு துப்பாக்கி

"கரடி எதிர்ல வந்தா உன் முதல் குண்டு வானத்துக்குப் போகும், ரெண்டாவது ஆத்துக்குள்ள போகும், மூணாவது உன் கால்லயே பாயும். அதனால முதல்ல நல்ல கெட்டி பூட்ஸா வாங்கு, டெல்பர்ட்!"

மார்லிஸ் சொன்னதைக் கேட்டு டெல்பர்ட் கடை அதிரச் சிரித்தான். அலாஸ்காவில், கீனாய் ஆற்றங்கரையில், துப்பாக்கியும் தூண்டிலும் விற்கிற கடை அவளுடையது. அங்கே மீன் பிடிக்கப் போகிறவர்கள் கரடிக்குப் பயந்து துப்பாக்கியோடுதான் போவார்கள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவாள் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

டெல்பர்ட் வந்ததிலிருந்து மார்பில் கட்டுகிற துப்பாக்கி உறைகளை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன் பிடிக்கிறவன் இடுப்பிலா துப்பாக்கி கட்டுவான்? அந்த ஊர்க்காரர்கள் துப்பாக்கியைச் சட்டென்று முடிவு செய்துவிடுவார்கள். உறைக்குத்தான் பெண் பார்க்கிற மாதிரி ஆயிரம் நொட்டை சொல்லுவார்கள்.

ஒருவழியாக அவன் வாங்கிக்கொண்டு போனதும், அதுவரை மூலையில் ஒதுங்கி நின்ற பெரியவர், துப்பாக்கிகள் இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு அருகே வந்தார். புது முகம். தேய்த்த சட்டை, மழித்த முகம்.

"மீன் பிடிக்கப் போறேம்மா. கைத்துப்பாக்கி ஒண்ணு வேணும்."

"பேஷா! பேரு என்னண்ணே?"

"ஓரின்."

"எந்தப் பக்கம் போறீங்க?"

"இப்படியே... ஆத்துப் பக்கம்."

"தனியாவா?"

"ஆமா."

மார்லிஸ் கனமான ரிவால்வர் ஒன்றை எடுத்து வைத்தாள். "கரடி மண்டைக்கு இதுதான் லாயக்கு. தூக்கிப் பாருங்க. கை வலிச்சா வேற தர்றேன்."

அவர் அதைத் தொடவில்லை. "எதுவா இருந்தா என்னம்மா? சின்னதே போதும்."

"சின்னதா? கரடிக்குக் கொசு கடிச்ச மாதிரி இருக்கும். அதுக்கு அப்புறம்தான் கோவமே வரும்!"

ஓரின் சிரிக்கவில்லை. மார்லிஸின் சிரிப்பும் பாதியில் நின்றது.

"சரி, உறை எது காட்டட்டும்?"

"உறை வேணாம். கோட்டுப் பையில வச்சுக்கறேன்."

"தண்ணிக்குள்ள நிக்கும்போதுமா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"சுட்டுப் பழக ரெண்டு பெட்டி குண்டு போடவா?"

"பழகணும்னு ஒண்ணும் இல்லம்மா."

மார்லிஸ் குண்டுப் பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். "என்ன மீனுக்குப் போறீங்க?"

"சால்மன்."

வெளியே ஆற்றில் பனிக்கட்டி இன்னும் உடையக்கூட இல்லை. சிவப்பு சால்மன் ஏற ஜூன் பிறக்க வேண்டும். ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

அந்தப் பக்கத்தில் ஒரு மனிதனிடம் துப்பாக்கி எதற்கு என்று கேட்பது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைவிட மட்டமான காரியம். கேட்டுத் தப்பாகிவிட்டால் பெரியவர் அவமானப்பட்டு வேறு கடைக்குப் போய்விடுவார். அங்கே யாராவது பேசாமல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கேட்காமல் விட்டாலோ? நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ரிவால்வரை உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டினாள். கவுண்டரைச் சுற்றி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அண்ணே, என்மேல கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. ஊருக்கே சொல்லி என் கடையத் திட்டுங்க. இன்னிக்கு உங்களுக்கு நான் துப்பாக்கி தரமாட்டேன்."

"ஏம்மா?"

"நீங்க மீன் பிடிக்கப் போகல. உயிரை விடணும்னு ஏதாவது நினைச்சுக்கிட்டு இருக்கீங்களா? நேரா சொல்லுங்க."

பெரியவரின் முகம் கோணிக்கொண்டது. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

மார்லிஸ் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து அடுப்புப் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்தாள். கடைக் கதவைச் சாத்தினாள். சூடாகக் காபி ஊற்றிக் கையில் கொடுத்தாள். அவளுக்கும் கண்ணில் நீர் முட்டியது. நல்லவேளை, கேட்டோம்! இத்தனை வருஷ வியாபாரத்தில் இன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"வீட்டுல யாரு இருக்காங்கண்ணே? நான் போன் பண்றேன். அவங்க வர்ற வரைக்கும் கூடவே இருக்கேன்."

"பயப்படாதம்மா." ஓரின் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் எதுவும் பண்ணிக்க மாட்டேன். எனக்குத் துப்பாக்கியும் வேணாம். நீ கேக்கிறியான்னு பாக்கத்தான் வந்தேன்."

"புரியலையே?"

"போன செப்டம்பர்ல எங்க டோபின் இங்கதாம்மா துப்பாக்கி வாங்கினான். என் ஒரே பையன். மீன் பிடிக்கப் போறேன்னு சொல்லித்தான் கிளம்பினான். தூண்டிலை அவன் கையால தொட்டதே கிடையாது. அது தெரிஞ்சும் நான் ஒரு வார்த்தை கேக்கல. குளிருது, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் போடான்னு சொல்லி அனுப்பிட்டேன். அவன் உயிரோட திரும்பி வரல."

மார்லிஸ் செப்டம்பரில் வந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அந்தப் பையன் முகம் மட்டும் நினைவுக்கு வரவே இல்லை.

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. எப்படியாவது ஆமாம் என்று சொல்லிவிடேன் என்கிற கெஞ்சல்தான் இருந்தது.

"அன்னிக்குக் கடையில கூட்டம் ரொம்ப அதிகமாம்மா?"